பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: நீலகிரிக்கு எது கட்டுப்படியாகும்?

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகிய ஐந்தும் பார்க்கப்படுகின்றன. பெருங்குடலும் மலக்குடலும் அந்தப் பட்டியலில் இல்லை. மேலை நாடுகளைவிட நம்மிடம் இந்த நோய் குறைவு என்பது அதற்கான காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனாலும் உலகம் முழுக்க 2022இல் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்து, 9 லட்சம் பேரின் உயிரைக் கொண்டுபோன நோய் இது. மலத்தில் ரத்தம் பட்டால் "மூலம்தான்" என்று தாங்களாகவே முடிவு கட்டி, மாதக்கணக்கில் கடை மருந்து சாப்பிட்டு, குடல் அடைத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு.

முன்கூட்டிப் பிடிக்க இந்த நோய் நிறைய அவகாசம் தருகிறது. குடலின் உள்சுவரில் அடினோமா என்ற சிறு மொட்டு முளைத்து, அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் கண்டு அறுத்தெடுத்துவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். நாளை இந்தப் பரிசோதனையும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தால் நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் எந்த முறையில் செய்வது? எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாவட்டத்தில் வாரத்துக்கு எத்தனை கொலனோஸ்கோப்பி (மலவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதை முதலில் எண்ண வேண்டும். எந்தப் பரிசோதனை கூர்மையானது என்ற கேள்வி அதற்கு அடுத்தபடிதான்.

எல்லாருக்கும் நேரடியாகக் கொலனோஸ்கோப்பி

குடல் முழுவதையும் கண்ணால் பார்ப்பது இது. மொட்டு இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வர வேண்டியதில்லை. தனி மனிதரைப் பொறுத்தவரை இதைவிடச் சிறந்த பரிசோதனை கிடையாது.

ஊருக்கே என்று வரும்போது கதை மாறுகிறது. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்த நோர்டிக் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம்தான். அழைக்கப்பட்ட கூட்டத்தில் பத்து ஆண்டுகளில் பெருங்குடல் புற்று 18 சதவீதம் குறைந்தது; இறப்பில் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஸ்பெயினில் கொலனோஸ்கோப்பியையும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனையையும் எதிரெதிரே வைத்து நடந்த ஆய்வில், முதல் சுற்றில் கொலனோஸ்கோப்பிக்கு வந்தவர்கள் 24.6 சதவீதம், மலப் பரிசோதனைக்கு 34.2 சதவீதம். பத்து ஆண்டு முடிவு 2025இல் வந்தபோது, புற்றால் இறப்பதைத் தடுப்பதில் மலப் பரிசோதனைக்கான அழைப்பு எந்த வகையிலும் பின்தங்கவில்லை. சாலையும் சம்பளத்தோடு விடுப்பும் உள்ள நாடுகளின் நிலை இது.

குவாயக் அட்டை

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் பழைய முறை. மூன்று நாள் மலத்திலிருந்து, நாளுக்கு இரண்டு இடமாக, ஆறு பூச்சு. அட்டையில் திரவத்தை விட்டால் ரத்தம் உள்ள இடம் நீலமாகும். இறப்பைக் குறைக்கும் என்று முதலில் நிரூபித்ததே இந்த முறைதான்: அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வில் (1993) ஆண்டுதோறும் செய்தவர்களிடம் இந்தப் புற்றால் வந்த இறப்பு 33 சதவீதம் குறைந்தது. அந்த மரியாதை அதற்கு உண்டு.

ஆனால் குவாயக் மனித ரத்தத்தை அடையாளம் காண்பதில்லை. பெராக்சிடேஸ் வினை (ரத்தமும் சில உணவுகளும் தூண்டும் ஒரு வேதிவினை) எங்கே நடந்தாலும் நீலமாகும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, முள்ளங்கி, டர்னிப், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாமே அட்டையை ஏமாற்றும். ஊட்டி, கேத்தி, கோத்தகிரித் தோட்டங்களில் விளைவதே இந்தக் காய்கள்தான். மூன்று நாள் சாப்பிடாதீர்கள் என்றால் எத்தனை வீட்டில் நடக்கும்? வைட்டமின் சி மாத்திரை போட்டிருந்தால் இருக்கிற ரத்தமும் தெரியாது. தேயிலைத் தோட்டங்களில் ரத்தசோகையும் கொக்கிப்புழுவும் சாதாரணம். இரைப்பையிலும் சிறுகுடலிலும் கசியும் ரத்தத்தையும் குவாயக் காட்டிவிடுவதால், பெருங்குடலில் ஒன்றுமே இல்லாதவர்கள் குழாய்ப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்பார்கள். இனி இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லை.

ஃபிட்: ஒரு குச்சி, ஒரு புட்டி

ஃபீக்கல் இம்யூனோகெமிக்கல் டெஸ்ட் என்ற மலப் பரிசோதனை; எஃப்.ஐ.டி., சுருக்கமாக ஃபிட். மனித ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் புரதத்தை மட்டும் எதிர்ப்பொருள் கொண்டு பிடிக்கும். பத்தியம் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு மலம் கறுத்திருந்தாலும் குழப்பம் இல்லை. மேற்குடலில் கசிந்த ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடும் என்பதால், கிடைக்கும் விடை பெரும்பாலும் பெருங்குடலைப் பற்றியதாகவே இருக்கும். ஒரே ஒரு மாதிரி போதும். ஏற்கெனவே இருக்கும் புற்றில் நூற்றுக்கு 79 வாக்கில் ஒரே தடவையில் பிடிக்கிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. பெரிய மொட்டுகளைப் பிடிப்பதில் இது பலவீனம், பாதிக்கும் மேல் தப்பிவிடும். அதனால்தான் ஒரு முறை செய்துவிட்டு நிறுத்தக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் செய்தால்தான் பலன்.

ஃபிட்டிலேயே இரண்டு வகை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலக் கோடு காட்டும் கேசட் ஒன்று; ஆய்வகக் கருவியில் எண்ணாக அளப்பது மற்றொன்று. கேசட் மலிவு, கரண்ட் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பத்து நிமிடத்தில் விடை தெரியும். மலைக்கு இதுதான் ஏற்றது என்று முதலில் தோன்றும். சிக்கல் எங்கே என்றால், எந்த அளவில் கோடு விழ வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் நிர்ணயித்துவிடுகிறார். நாம் மாற்ற முடியாது. மங்கலான கோட்டை மேகம் மூடிய மத்தியானத்தில் ஒருவர் "இருக்கு" என்பார், இன்னொருவர் "இல்லை" என்பார். பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டியதை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத கோடும் தெரியும்.

எண்ணாக அளக்கும் வகையில் வாசல், அதாவது எந்த அளவைத் தாண்டினால் "ரத்தம் இருக்கிறது" என்று கொள்வது என்பது, நம் கையில் இருக்கிறது. நெதர்லாந்து 2014இல் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு கிராம் மலத்தில் 15 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்று வாசலை வைத்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு ரத்தம் தெரிந்தது, கொலனோஸ்கோப்பிக்குக் காத்திருப்பு நீண்டது. அந்த ஆண்டு நடுவிலேயே வாசலை 47க்கு உயர்த்தினார்கள். ஸ்காட்லாந்து 2017இல் 80 என்றும், இங்கிலாந்து 2019இல் 120 என்றும் தொடங்கின. இங்கிலாந்தின் 120க்குப் பின்னால் இருந்த காரணம், அவ்வளவு கொலனோஸ்கோப்பிதான் அவர்களால் சமாளிக்க முடிந்தது என்பதே. கேசட்டில் தொடங்கியிருந்தால் வாசலை இப்படி நகர்த்தியிருக்க முடியாது.

கொள்முதல் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில நிறுவனங்கள் வாசலை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதும். புட்டியில் எவ்வளவு மலம், எவ்வளவு திரவம் என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறும். 10 மில்லிகிராம் மலம் 2 மில்லிலிட்டர் திரவத்தில் கரையும் புட்டியில் 100 நானோகிராம் என்பது கிராமுக்கு 20 மைக்ரோகிராம். அதே 2 மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் மலம் மட்டும் எடுக்கும் புட்டியில் அதே 100 என்பது கிராமுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஐந்து மடங்கு. டெண்டரில் "கிராமுக்கு மைக்ரோகிராம்" என்ற அலகைக் கட்டாயமாக்க வேண்டும்.

மற்றவை

சிக்மாய்டோஸ்கோப்பி குடலின் இடப் பகுதியை மட்டும் பார்ப்பது. எனிமா போதும், சில நிமிடங்களில் முடியும். பிரிட்டனில் 55 முதல் 64 வயதினரிடம் ஒரே ஒரு முறை செய்ததில், செய்துகொண்டவர்களிடம் நோய் 33 சதவீதமும் அதனால் வந்த இறப்பு 43 சதவீதமும் குறைந்தது (2010). நல்ல பலன்தான். ஆனால் கருவியும் கைத்தேர்ச்சியும் வேண்டும். ஆள் கீழிருந்து மேலே வரவும் வேண்டும். அந்தச் சிரமத்துக்கு முழுக் கொலனோஸ்கோப்பியே மேல். இங்கிலாந்தும் தன் சிக்மாய்டோஸ்கோப்பித் திட்டத்தை 2021இல் நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் 2024இல் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனை புற்றில் 83 சதவீதத்தைப் பிடித்தாலும், முற்றிய மொட்டுகளில் 13 சதவீதத்தைத்தான் பிடிக்கிறது. விலையும் நமக்கு எட்டாதது.

வாரக் கணக்கு

கணக்குக்காக, பரிசோதனைக்குரிய வயதில் ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். நேரடிக் கொலனோஸ்கோப்பிக்கு 40 சதவீதம் பேர் வந்தால் பத்து ஆண்டில் 40,000, ஆண்டுக்கு 4,000, வாரத்துக்கு 80. ஒரு மருத்துவர் அரை நாளில் அவசரமில்லாமல் ஐந்து அல்லது ஆறு செய்யலாம். வாரத்துக்குப் பதினான்கு, பதினைந்து அரை நாட்கள் இதற்கே போகும்.

ஃபிட்டில் பாதிப் பேர் மாதிரி கொடுத்து, 5 சதவீதத்துக்கு ரத்தம் தெரிந்து, அவர்களில் 80 சதவீதம் பேர் கொலனோஸ்கோப்பிக்கு வந்தால், இரண்டு ஆண்டில் 2,000, வாரத்துக்கு 20. நான்கு அரை நாள். வாசலை உயர்த்தி 2 சதவீதத்துக்கு மட்டும் ரத்தம் தெரியும்படி வைத்தால் வாரத்துக்கு 8 மட்டுமே. இதோடு ஏற்கெனவே ரத்தப்போக்கு, எடைக்குறைவு என்று வருகிற நோயாளிகளும், மொட்டு எடுத்தபின் மறுபடி பார்க்க வேண்டியவர்களும் அதே மேஜைக்குத்தான் வருவார்கள். அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்கிரீனிங் நடத்துவது பாவம்.

தாய்லாந்தின் வடக்கே மலை சூழ்ந்த லம்பாங் மாகாணத்தில் 2011இல் தொடங்கிய முன்னோட்டம் நமக்கு நெருங்கிய உதாரணம். 50 முதல் 65 வயதினருக்கு வழக்கமான சுகாதாரப் பணியாளர்கள் வழியாகவே ஃபிட் போனது. அழைத்தவர்களில் 62.9 சதவீதம் மாதிரி கொடுத்தார்கள். வாசல் உயரமாக இருந்ததால் 1.1 சதவீதத்துக்குத்தான் ரத்தம் தெரிந்தது. அவர்களில் 72 சதவீதம் பேர் கொலனோஸ்கோப்பி செய்துகொண்டார்கள். 2021 முதல் வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையோடு புட்டியையும் கொண்டுபோகலாம்.

லைன் வீட்டில் மாதிரி எடுப்பது

கையேடுகள் பெரும்பாலும் மேலைக் கழிப்பறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே குத்தவைத்து உட்காரும் பீங்கான்தான், பல லைன்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பொதுக் கழிப்பறை. மலம் தண்ணீரில் பட்டால் மேலே ஒட்டிய ரத்தம் கரைந்துபோகும். ஆகவே போகும்முன் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த தளத்தில் இரண்டு தாள் செய்தித்தாளை விரித்து, அதில் விழச் செய்வது சுலபம். குச்சியின் நுனியில் பள்ளங்கள் இருக்கும். மலத்தின் மேல் நாலைந்து இடத்தில் குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, அந்தப் பள்ளம் நிரம்பும் அளவு மட்டும் எடுக்க வேண்டும். "நிறைய கொடுத்தால் நல்லா தெரியும்" என்று அப்பி எடுத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எண்ணும் பொய்யாகும். குச்சியைப் புட்டிக்குள் "டிக்" என்று கேட்கும்வரை அழுத்தி, ஐந்தாறு முறை ஆட்டி, தேதி எழுத வேண்டும். தேதி இல்லாத புட்டியை ஆய்வகம் திருப்பி அனுப்பும். வீணாகும் மாதிரிகளில் இது வழக்கமான காரணம். மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரியும் நாட்களிலும் எடுக்கக் கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் பணியர் பேச்சும், மேலே படுகு மொழியும் பேசும் வீடுகள் நிறைய. படம் போட்ட ஒரே தாள் எல்லாருக்கும் உதவும்.

வெப்பம் ஃபிட்டின் எதிரி. ஹீமோகுளோபின் சூட்டில் சிதைந்து, இருக்கிற ரத்தமும் இல்லாததுபோல் ஆகும். இத்தாலியில் கோடைக்கால மாதிரிகளில் ரத்தம் தெரிவது குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊட்டியின் குளிர் இந்த இடத்தில் நமக்குக் கிடைத்த வரம். மாதிரியைக் கோயம்புத்தூருக்கு இறக்கினால் அந்த வரம் மேட்டுப்பாளையத்தோடு போச்சு: ஏப்ரல் வெயிலில் பஸ் டிக்கியில் நான்கு மணி நேரம் கிடந்த புட்டியின் "ரத்தம் இல்லை" என்ற விடையை நம்ப முடியாது. கருவி ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கட்டும். மலைக்குக் கீழே எதுவும் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதிரியைத் தடுப்பூசி வைப்பது போல 2 முதல் 8 டிகிரியில் தனிப் பெட்டியில் வைத்து, வாரம் இரு முறை மேலே அனுப்பலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

கொலனோஸ்கோப்பிக்கு ஒரு ராத்திரி

திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். குடலைச் சுத்தம் செய்ய, மருந்து கலந்த தண்ணீர் இரண்டு முதல் நான்கு லிட்டர் குடிக்க வேண்டும். பாதி முதல் நாள் மாலை, மீதி மறுநாள் காலை, பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்னால். எல்லாவற்றையும் முதல் நாளே குடித்தால் வலப்பக்கக் குடல் காலைக்குள் மறுபடி அழுக்காகி, தட்டையான மொட்டுகள் கண்ணில் படாது. சேரம்பாடியிலிருந்து ஒருவர் காலை மருந்தைக் குடித்துவிட்டு, கூடலூர் வழியாக வளைவுகளில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பஸ்ஸில் எப்படி வருவார்? வரமாட்டார். வந்தாலும் குடிக்காமல் வருவார்.

எனவே முந்திய நாள் மத்தியானமே வரவழைத்து, ராத்திரி தங்க நான்கு படுக்கை, தனிக் கழிப்பறை, வெந்நீர், கூட வருபவருக்கும் இடம் தர வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் அன்று தனியாக மலையிறங்க விடக் கூடாது. இந்த நான்கு படுக்கை இல்லாமல் பரிசோதனையைத் தொடங்காதீர்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து.

சாப்பாட்டை உள்ளூர் வார்த்தையில் சொல்ல வேண்டும். மூன்று நாள் முன்பிருந்து அவரை, ராகிக் களி, கீரை, கொய்யா, வேர்க்கடலை வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, மோர், முட்டை ஆகலாம். முதல் நாள் தெளிந்த பானங்கள் மட்டும்: பால் சேர்க்காத கட்டன் சாயா, வடிகட்டிய ரசம், கஞ்சித் தெளிவு. மருந்துத் தண்ணீரைக் கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கலாம்; ஊட்டிக் குளிரில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் நாலு டம்ளருக்கு மேல் இறங்கும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை மருந்தும் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும் மருத்துவர் சொன்னபடி மட்டும். கூடலூர்ப் பக்கப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோய்) இருக்கிறதா என்று கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. நீர்ச்சத்து குறைந்தால் வலி வேதனை கிளம்பிவிடும்.

பரிசோதனையின் தரத்துக்கு இரண்டு எண்களைக் கண்டிப்பாக எழுதிவைக்க வேண்டும்: பெருங்குடலின் தொடக்கமான சீகம் வரை போனது நூற்றுக்கு 90க்குக் குறையக் கூடாது, மொட்டு இல்லாதவரிடம் குழாயை வெளியே இழுத்துவர ஆறு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அவசரமாகச் செய்த கொலனோஸ்கோப்பி "ஒன்றுமில்லை" என்று தரும் சான்றிதழ் பத்து ஆண்டுக்கு ஒருவரை ஏமாற்றிவிடும்.

எந்த மாதங்களில்

டிசம்பரிலிருந்து மார்ச் வரை. பனிக்காலத்தில் தேயிலைக் கொழுந்து குறைவு, அரை நாள் வேலை விட்டாலும் இழப்பு சிறிது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து பொங்கும். அப்போது கூடுதல் கிலோவுக்குக் காசு கிடைப்பதை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள். மே மாதம் ஊட்டிச் சாலை சுற்றுலா வண்டிகளால் நிரம்பியிருக்கும். ஜூன், ஜூலையில் தேவாலா, பந்தலூரில் விடாத மழை. ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளில் மண் சரியும். கொழுந்து எடைபோடும் இடத்தில் புட்டி கொடுத்து, மறுநாள் அங்கேயே வாங்கிக்கொள்வதுதான் தோட்டங்களில் எளிது.

எங்கள் தேர்வு

எண்ணாக அளக்கும் ஃபிட், ஒரு மாதிரி, 50 முதல் 69 வயது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. வாசலைத் தொடக்கத்தில் உயரமாக, 80 அளவில் வைத்து, கொலனோஸ்கோப்பி மேஜை தாங்குவதைப் பார்த்து இறக்கிக்கொண்டே வரலாம். உயரத்தில் தொடங்கினால் சில மொட்டுகள் தப்பும் என்பது உண்மைதான். ரத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எட்டு மாதம் காக்க வைப்பது அதைவிடக் கொடுமை. ரத்தம் தெரிந்தபின் பத்து மாதம் கடந்தால் முற்றிய புற்றாகக் கண்டுபிடிக்கப்படும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வொன்று (2017) காட்டியது. இரண்டு மாதத்துக்குள் முடிப்பதே இலக்காக வேண்டும். முதலில் கூடலூர், குன்னூர் இரண்டு தாலுகாக்களில் மட்டும் தொடங்கி, முதல் சுற்று முடிந்தபின் மற்ற நான்குக்கும் போகலாம். நோய் குறைவான நாட்டில் முதல் சுற்றே இந்தியா முழுமைக்கும் என்று இறங்குவது சரியில்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்திருந்தால் அவர்களுக்கு ஃபிட் வேண்டாம். 40 வயதிலோ, உறவினருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவோ, எது முந்தியோ அப்போது நேராகக் கொலனோஸ்கோப்பி.

விடையைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். "மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறது, மூலமாகவும் இருக்கலாம், மொட்டாகவும் இருக்கலாம், குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்" என்று செவிலியர் நேரில் சொல்ல வேண்டும். சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் குறுஞ்செய்தியை நம்பக் கூடாது. அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: ரத்தம் தெரிந்ததும் "எதற்கும் இன்னொரு தடவை ஃபிட் பார்ப்போம்" என்பது. புற்று தினமும் கசிவதில்லை. இரண்டாவது மாதிரியில் ரத்தம் இல்லாவிட்டால் முதல் விடை ரத்தாகிவிடாது. அவர் கொலனோஸ்கோப்பிக்கு வந்தே ஆக வேண்டும். அதேபோல, கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போகிறவர், மலம் கழிக்கும் பழக்கம் ஆறு வாரமாக மாறியவர், காரணமில்லாமல் ரத்தசோகை வந்தவர் கையில் புட்டியைக் கொடுத்து அனுப்பக் கூடாது. அவர்கள் நோயாளிகள், அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்.